முத்திரை வசனம் எங்கே பிறக்கிறது, ஊர் வாயில் எப்படி நிலைக்கிறது

திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மேடை நாடகம் பழக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊரெல்லாம் "பஞ்ச்" என்று சொல்லும் முத்திரை வசனங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குச் சமூகத்தில் என்ன வேலை? ஊர்ப் பேச்சில் இருப்பவற்றை எப்படித் திரட்டுவது? நாமாக ஒன்றை எழுதினால் ஏன் எடுபடுவதில்லை? முதலிரண்டுக்கும் விடை தெரிந்தால் கடைசிக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். ஆகவே வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

கோணேசர் கோயிலில் தீபாராதனை நேரம் யாரோ ஒருவர் "நமப் பார்வதி பதயே" என்று எடுத்துக் கொடுப்பார். கூட்டம் "ஹர ஹர மகாதேவா" என்று முடிக்கும். ஒத்திகை கிடையாது. முன்பின் அறியாதவர்களும் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதற்பாதி காதில் விழுந்ததும் மறுபாதி தானாக வாயில் வந்துவிடுகிறது. முத்திரை வசனத்தை இனங்காண இதுவே சரியான அளவுகோல். சொன்னவர் எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பது இரண்டாம் விஷயம். கேட்டவர் அதைத் தன் வாயில் எடுத்துக்கொண்டாரா என்பதுதான் முதல் விஷயம்.

இதைப் பழமொழியோடு குழப்பக்கூடாது. முதுமொழிக்குத் தொல்காப்பியம் "நுண்மையும் சுருக்கமும் ஒளியும் உடைமையும்" என்று இலக்கணம் சொல்லி, எடுத்த பொருளை முடிப்பதற்குக் காரணமாக வருவது என்கிறது. பழமொழி ஒரு வாதத்தை முடித்துவைக்க வருகிறது. அதைச் சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. முத்திரை வசனத்தில் சொன்னவரின் குரல் ஒட்டிக்கொண்டே வரும். 1977இல் வந்த "பதினாறு வயதினிலே" படத்தில் கவுண்டமணி சொன்ன "பத்த வச்சிட்டியே பரட்டை" என்பதை இன்றைக்கு ஒரு பிள்ளை சொன்னால், படத்தையே பார்க்காத பிள்ளையாக இருந்தாலும் அந்த இழுப்போடுதான் சொல்லும். கோஷம் இன்னொரு வகை. அது ஆளைத் திரட்டி ஒன்றைச் செய்யச் சொல்கிறது, காரியம் முடிந்ததும் அடங்கிவிடுகிறது. முத்திரை வசனம் எதையும் செய்யச் சொல்லாது. "நீயும் இதைக் கேட்டவன்தானே?" என்று மட்டும் கேட்கும்.

வேர் என்று பார்த்தால் மூன்று இடங்களைச் சொல்லலாம்: கோயில், கூத்துக்களரி, சந்தை. சினிமா இவற்றுக்கெல்லாம் மிகப் பிந்தியது.

கோயிலில் இருந்து ஒரு சான்று, அதுவும் நம் ஊரைப் பற்றியது. திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்கோணமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முதற்பாட்டு "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடியும். அடுத்தடுத்த பாட்டுகளில் வருணனை மாறும், "கோணமாமலை அமர்ந்தாரே" மாறாது. கடைசிப் பாட்டில் "ஞானசம்பந்தன்" என்று தன் பெயரை வைத்துப் பாடலை முத்திரையிடுகிறார். முத்திரை வசனத்தின் இரண்டு உறுப்புகளும் இங்கேயே இருக்கின்றன: மாறாமல் திரும்பி வரும் ஒரு பகுதி, சொன்னவர் யார் என்று காட்டும் ஓர் அடையாளம். பாட்டு முழுவதையும் மனனம் செய்யாத அடியவரும் அந்த முடிவில் வந்து சேர்ந்து பாடலாம். பதிகத்துக்கு அந்த முடிவு வாசற்கதவு மாதிரி.

கூத்தில் இது வேறு வேலை செய்தது. கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில், சுற்றிவரச் சனம் இருக்க, இரவிரவாக நடப்பவை. தூரத்தில் இருப்பவருக்கு உடுப்பு தெரியாது, பாதி உறக்கத்தில் இருப்பவருக்குக் கதை பிடிபடாது. ஆகவே அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து அறிவிப்பான். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை எடுக்க, வரவுப் பாட்டோடு பாத்திரம் களரிக்குள் இறங்கும், பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவார்கள். இன்ன தாளம், இன்ன வரி என்றால் இன்னார் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். பிற்காலத்தில் சினிமா நாயகன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்து ஒரு வசனம் சொல்கிறானே, அது இந்த வரவின் பேரப்பிள்ளை.

சந்தை வேரை ஏலத்தில் காணலாம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." எண் மட்டும் மாறுகிறது, "தரம்" நிற்கிறது. மூன்றாவது சொல்லி முடிந்ததும் பொருள் கைமாறிவிடுகிறது, பிறகு விலை கேட்க முடியாது. இங்கே வசனமே செயல். ஏலக்காரர் ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில் விடும் இடைவெளிதான் அதன் உயிர். இதை மறந்துவிடாதீர்கள், நாடகத்துக்கு வரும்போது தேவைப்படும்.

ஏன் சில சொற்கள் ஒட்டுகின்றன, சில உதிர்கின்றன என்பதற்குத் தமிழ் யாப்பிலேயே விடை இருக்கிறது. திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசற்கல்லில் உள்ள பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் அந்தப் பாட்டின் கல்லெழுத்துகள் சிதைந்திருக்கின்றன. ஆனால் ஊரில் சொல்லச் சொன்னால் பலர் முதலிரண்டு அடியையும் தடங்கலில்லாமல் சொல்வார்கள். முன்னே, பின்னே என்பதில் எதுகையும் இருக்கிறது, முரணும் இருக்கிறது. முன்னே, மூட்டு என்றும், பின்னே, பிரிக்க என்றும் மோனை வேறு. ஒரு சொல் தவறினால் அடுத்த சொல் அதை இழுத்துக்கொண்டு வரும். பிந்திய அடிகளுக்கு வந்தால் பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று பின்னால் ஆளவந்த அன்னியரைக் குறிக்கும் பட்டங்கள் எல்லார் வாயிலும் இருக்கும், ஆனால் அவற்றை ஒட்டிய சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். கல் உடைந்தது, வாய் காப்பாற்றியது. வாய் காப்பாற்றியதும் யாப்பு பிடித்து வைத்த இடங்களை மட்டுமே.

இதே கண்ணால் சினிமா வசனங்களைப் பாருங்கள். "பத்த", "பரட்டை" மோனை. நகைச்சுவை நடிகர் கன்னையாவின் "வரும், ஆனா வராது" என்பதில் மோனையோடு முரண். 1995இல் "பாட்ஷா"வில் வந்த "நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி" என்பதில் ஒன்றுக்கும் நூறுக்கும் முரண், "தடவை" இரண்டு முறை, "சொன்ன" இரண்டு முறை. எழுதியவர்கள் இலக்கணம் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லவில்லை. தமிழ்க் காது எதைப் பிடித்துவைக்கும் என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்திருந்தது. 1956இல், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய அரசகரும மொழிச் சட்ட விவாதத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா ஆங்கிலத்தில் சொன்னதையும் இங்கே சேர்க்கலாம். ஒரு மொழியெனில் இரு நாடு, இரு மொழியெனில் ஒரு நாடு. இரண்டு எண்ணும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். மொழிபெயர்த்தும் உடையாததற்கு அந்த அமைப்புத்தான் காரணம்.

வானொலிக் காலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கலையில் இலங்கை பலருக்கு முன்னோடி. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும், இரைச்சல் வரும். கேட்பவர் நிகழ்ச்சியின் நடுவில் வந்து சேருவார். முகம் தெரியாது. ஆகவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மாறாத வாசகம் இல்லாமல் எந்த அறிவிப்பாளரும் அடையாளம் பெறமுடியாது. 1952இல் இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் பினாக்கா கீத்மாலா என்ற திரைப்பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கிய அமீன் சயானியை இந்தியா முழுதும் "பெஹ்னோ ஔர் பாயியோ" என்ற அழைப்பால் அறிந்தது. வழக்கமாகச் "சகோதரர்களே, சகோதரிகளே" என்று வருவதைச் "சகோதரிகளே, சகோதரர்களே" என்று திருப்பினார். அந்தச் சின்னத் திருப்பம் போதுமாக இருந்தது. தமிழில் "உங்கள் அன்பு அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா" என்ற விடைபெறல் தமிழகக் கரை வரை பழக்கமானது.

அந்த வானொலியின் நகைச்சுவை நாடகத்திலிருந்து பிறந்தது 1976இல் வெளிவந்த "கோமாளிகள்" திரைப்படம். அதில் முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் நான்கும் நான்கு பாத்திரங்களாக வந்தன. நடித்தவர்களில் மூவர் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயரோடே பிறகு வாழ்ந்தார்கள். தமிழகத்தில் "டணால்" தங்கவேலு, "என்னத்த" கன்னையா என்றது போலத்தான். கன்னையாவுக்கு அந்தப் பட்டம் 1967இல் ஒரு படத்தில் சொன்ன "என்னத்த"யால் வந்தது. நாற்பது ஆண்டு கழித்து 2007இல் "வரும், ஆனா வராது" என்று இரண்டாம் தடவையும் அவரே ஊர் வாயில் புகுந்தார். இரண்டுமே சலித்துப்போன ஒரே மனிதரின் குரல். வசனம் புதிது, குரல் பழையது. இதனால்தான் ஒட்டியது என்பது என் முடிவு.

இனி அதன் வேலை. முதலாவது, யார் நம்மவர் என்று காட்டுவது. ஒருவர் பாதி சொல்ல மற்றவர் மீதியைச் சொன்னால், இருவரும் ஒரே காலத்தில் ஒரே பெட்டியைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டாவது இதைவிட முக்கியமானது: நேரே சொல்லமுடியாததைப் பிறர் குரலில் சொல்வது. கந்தோரில் மேலதிகாரி தருவதாகச் சொன்னது வரவில்லை என்று எழுத்தர் குறைகூறினால் அது முறைப்பாடு. "வரும், ஆனா வராது" என்றால் பகிடி. அதிகாரியும் சிரிக்கவேண்டியிருக்கும், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வசனம் சொன்னவர் பொறுப்பைப் படத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதிகாரத்தின் கீழ் இருப்பவர்களிடம் இத்தகைய வசனங்கள் கூடப் புழங்குவது இதனாலேயே. மூன்றாவது, துக்கமோ வெட்கமோ வரும் இடத்தில் வாயை மூடாமல் வைத்திருப்பது. "கோதாரி" என்பது கொள்ளைநோய்க்குப் பழைய பெயர். நோயின் பயம் போனபிறகும் "என்ன கோதாரியோ" என்ற சலிப்பு தங்கிவிட்டது.

இணையம் வந்தபின் மாறியது வேகம்தான். 2001ஆம் ஆண்டுப் படத்தின் வடிவேலு பாத்திரம் நேசமணி 2019 மே மாத இறுதியில் உலக அளவில் டுவிட்டரில் ஏறியதற்குக் காரணம், சுத்தியலைக் காட்டி இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்ட ஒரு பதிவுக்கு, படத்தில் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்று ஒரு தமிழர் எழுதிய மறுமொழி. பதினெட்டு வருடம் தமிழர் வாயில் ஊறிக் கிடந்தது ஒரே இரவில் வெளியே தெரிந்தது. வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் குரல்கூட இல்லை, படத்தைப் பார்த்ததும் வசனம் நம் தலைக்குள் கேட்கிறது.

திரட்டும் முறைக்கு வருவோம். ஒரு கொப்பியில் ஒரு வசனத்துக்கு ஒரு முழுப் பக்கம் விடுங்கள். மேலே வசனம், சொன்னபடியே. "வந்திட்டுது" என்று சொன்னால் "வந்துவிட்டது" என்று திருத்தக்கூடாது, திருத்தினால் அந்தப் பக்கத்துக்குப் பயன் இல்லை. கீழே சொன்னவரின் வயது, ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார், கேட்பவர் என்ன மறுமொழி சொல்வார். கடைசியாக, யாருக்கு முன்னால் இதைச் சொல்லமாட்டார். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வசனத்தின் கூர் எங்கே இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். முதியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டாக வைத்துக் கேட்டால் குரல் பெரியவர் சொல்வதே எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். சாத்தியமானால் கைப்பேசியில் மூன்று தடவை பதிவுசெய்யுங்கள்: கேட்டவுடன் ஒன்று, கதை சொல்லும்போது தானாக வருவது ஒன்று, விடைபெறும்போது ஒன்று. நடுவில் வந்ததே உண்மையான உச்சரிப்பு.

காலத்தைக் கணிக்க "எந்த வருடம்?" என்று கேட்டால் விடை வராது. ஊர் மறக்காத நாட்களை வைத்துக் கேளுங்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனதற்கு முந்தியா? 1964 டிசம்பர்ச் சூறாவளிக்கு முந்தியா பிந்தியா? 1982இல் ரூபவாகினித் தொலைக்காட்சி வருமுன் கேட்டதா? 2004 சுனாமி, 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, "பாதை" எனப்படும் மிதவைப் படகுப் பயணம் நின்றது, இவை பிந்திய எல்லைகள். வானொலி நினைவுகளுக்கு இன்னொரு சோதனை உண்டு: "ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்ற பெயர் 1967இலிருந்துதான். அதற்கு முந்திய நிகழ்ச்சியில் அப்பெயரைக் கேட்டதாக ஒருவர் சொன்னால் இரண்டு நினைவுகள் கலந்துவிட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்புக் கதைகளை நம்புவதில் நிதானம் வேண்டும். சொற்றொடர் முதலில் பரவும், விளக்கம் பிறகே முளைக்கும். நம் ஊர்ப் பெயருக்கே "மூன்று கோணம், ஆகவே திரிகோணமலை" என்று விளக்குகிறார்கள். பதிகத்தில் இருப்பது கோணமாமலை. "திரு" என்பது முன்னால் வந்த மரியாதை. விளக்கம் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள்.

இப்போது எழுதுவது. வசனத்தை முதலில் யோசித்தால் தோற்பீர்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தர்ப்பத்தை முதலில் தேடுங்கள். உதாரணத்துக்கு, அயலவரிடம் எல்லாவற்றையும் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஒருவர். நாடகத்தில் நான்கு இடத்திலாவது அவர் மாட்டிக்கொள்ளவேண்டும். முதல் வரைவு "வாங்கியதை நாளைக்குக் கட்டாயம் திருப்பித் தந்துவிடுவேன்" என்று வரும். இது செய்தி, ஒட்டாது. வெட்டுங்கள்: "நாளைக்குத் தாறன்." இது எல்லாரும் சொல்வது, ஆள் தெரியவில்லை. ஒரு சொல் கூட்டுங்கள்: "நாளைக்குத் தாறன், நம்புங்கோ." இப்போது நாவுக்கும் நவுக்கும் மோனை. மூன்று சொல், ஒரு மூச்சு. "தாறன்" இருக்கும் இடத்தில் "வாறன்", "செய்யிறன்" என்று மாற்றியும் சொல்லலாம். மாற்ற இடமில்லாத வசனம் ஒரு நாடகத்தோடு முடிந்துவிடும், மாற்ற இடமுள்ளது வீதிக்குப் போகும்.

முடிவு ஒலியைக் கவனியுங்கள். மகாதேவா, அரோகரா, அமர்ந்தாரே, நம்புங்கோ எல்லாம் நெடிலில் முடிகின்றன, கூட்டம் சேர்ந்து இழுக்கலாம். "வராது" குற்றியலுகரத்தில் முடிகிறது, வாயிலேயே அடங்கும். தனியாள் சலித்துக்கொள்ள ஏற்றது, கூட்டத்துக்கு ஏற்றதில்லை. "தரம்" உதடு மூடி முடிகிறது, மணியடித்த மாதிரி முடிவு காட்டும். எது வேண்டுமென்று தெரிந்து எழுதுங்கள்.

நாற்பது நிமிட நாடகம் என்றால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருமுறை, யாரும் கவனிக்காத சாதாரணப் பேச்சாக வரட்டும். பத்து நிமிடம் கழித்து வேறொரு பொருளுக்காக, அதே ஏற்ற இறக்கத்தோடு. மூன்றாவது தடவை அவர் மனைவி அவருக்கே அதைச் சொல்லவேண்டும். நான்காவது தடவை "நாளைக்குத் தாறன்…" என்று நிறுத்தி, ஏலக்காரர் மாதிரி ஒன்றிரண்டு வினாடி பொறுக்கவேண்டும். சபை "நம்புங்கோ" என்று முடித்தால் வசனம் பிறந்துவிட்டது. முடிக்காவிட்டால் பாத்திரம் தானே முடிக்காமல் வெளியே போகட்டும். வலிந்து முடித்தால் இருந்த சிரிப்பும் போய்விடும்.

பிழைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். முதற்காட்சியிலேயே மூன்று தடவை சொல்லிச் சபையைக் களைக்கச் செய்வது. வசனம் வருமுன் நடிகர் தானே சிரிப்பது. பின்னால் தாளம் அடித்து "இதுதான் சிரிக்கும் இடம்" என்று காட்டுவது. சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த வசனத்தைத் தொடங்குவது. அப்படிச் செய்தால் அடுத்தது கேட்காது, அதோடு அடுத்த தடவை சிரிக்கவும் சபை அஞ்சும். சிரிப்பு பாதிக்கு இறங்கும்வரை பொறுங்கள். இன்னொன்று, சென்னைப் பேச்சை இரவல் வாங்குவது. "வரமாட்டன்", "போயிட்டு வாறன்" என்று வீட்டில் பேசும் பிள்ளை மேடையில் "வரேன்டா மச்சி" என்றால் குரல் கடன்பட்டதாகத் தெரியும், பாத்திரமும் அந்நியமாகும்.

இதைக் கவலையோடு சொல்கிறேன்: வசனத்தைத் திக்குவாயிலோ, உடம்பிலோ, சாதியிலோ, அடுத்த சமூகத்தின் உச்சரிப்பிலோ வைக்காதீர்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சிங்களப் பகுதிகளிலிருந்தும் பார்க்க வரும் ஊர் இது. பேச்சுவழக்குப் பாத்திரத்தின் உடையாக இருக்கலாம், பகிடியின் இலக்காக இருக்கக்கூடாது. அதோடு நடிக்கும் பிள்ளைக்கு அந்த வசனம் பட்டப்பெயராக ஒட்டும். பெரிய நடிகருக்கு அது புகழ், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாடசாலை முடியும்வரை சுமை. பொய்ச்சாட்டு, கஞ்சத்தனம், வாய்ப்பந்தல் போன்ற குணங்களில் வைத்தால் நாடகம் முடிந்ததும் கழற்றிவைக்கலாம்.

மேடையேற்றம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் மைதானத்தில் சற்று நின்று கேளுங்கள். பிள்ளைகள் "நாளைக்குத் தாறன்" என்பதை "நாளண்டைக்குத் தாறன்" என்று மாற்றியிருந்தால் திருத்தவேண்டாம். அடுத்த மேடையேற்றத்துக்குப் பிரதியில் அவர்கள் சொன்னபடியே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.